சிஸ்டர்களுக்குச் சால்வை போதும், ஒப்பந்தம் கொடுங்கள்

தமிழக ஆயர் பேரவையின் மேதகு ஆயர்களுக்கும், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பணிபுரியும் துறவற சபைகளின் மாநிலத் தலைவியருக்கும் தலைவர்களுக்கும்,

தோத்திரம்.

பிப்ரவரி 2 வந்தால் துறவியர் நாள். 1997-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொடங்கிவைத்தது. நம் பங்குகளில், அதாவது ஒவ்வொரு கோவிலைச் சேர்ந்த சமூகத்திலும், அன்று சிஸ்டர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, ஆளுக்கொரு சால்வை போர்த்தி, பங்குப் பேரவைத் துணைத்தலைவர் மைக் பிடிப்பார். தியாகச் சுடர்கள், தன்னலமற்றவர்கள், உருகி ஒளி தருபவர்கள் என்று பத்து நிமிடம் போகும். கைதட்டல், கேக், குழுப்படம். மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கோவில் கதவைத் திறந்து, பீடத்துணி மாற்றி, மைக் செட் வேலை செய்கிறதா என்று பார்ப்பதும் அதே சிஸ்டர்தான். அந்த வேலையை அவருக்கு யார் கொடுத்தார்கள், எதுவரைக்கும் அவருடைய பொறுப்பு என்று கேட்டுப் பாருங்கள். பங்குச்சாமியாருக்கும் தெரியாது, மடத்து மதருக்கும் தெரியாது.

கன்னியர் மடம் நடத்தும் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எங்கள் பங்கின் நிதிக்குழுவில் இருக்கிறேன். பள்ளியில் சிஸ்டர்களின் கீழே வேலை பார்த்தேன். பங்கில் அவர்கள் யாருக்குக் கீழே வேலை பார்க்கிறார்கள் என்பதைப் பார்க்கிறேன். பள்ளி அலுவலகத்தில் கல்வி அதிகாரியிடமே குரல் தாழாமல் விதி எண் சொல்லிப் பேசிய தலைமையாசிரியை, பணி ஓய்வுக்குப் பிறகு பங்குப் பணிக்கு வந்து, பேரவைக் கூட்டத்தில் டீ தட்டோடு நிற்கிறார். யாரும் நிற்கச் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். பங்குகளிலும், ஓர் ஆயரின் ஆட்சிப் பகுதியான மறைமாவட்டத்தின் பணிகளிலும் இருக்கிற ஒவ்வோர் அருட்சகோதரிக்கும் அருட்சகோதரருக்கும் எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். இது என் சொந்தச் சரக்கு இல்லை. 1983-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 681-ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. மறைமாவட்ட ஆயர் ஒரு பணியைத் துறவியரிடம் ஒப்படைக்கும்போது, ஆயரும் சபையின் உரிய தலைவரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். என்ன வேலை, அதற்கு எந்த ஆட்கள், பண விஷயம் என்ன என்பதெல்லாம் அதில் தெளிவாக இருக்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டம் இருக்கிறது. இப்படி முறையாக ஒப்பந்தம் போட்டு நடக்கிற இடங்களும் உண்டு. அவர்களுக்கு இந்த மடல் இல்லை. "சாமியார் போனில் கேட்டார், மதர் சரி என்றார், மூன்று சிஸ்டர்கள் பெட்டியோடு வந்து இறங்கினார்கள்" என்று நடக்கிற இடங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

இப்போது ஏன் இது அவசரம்? துறவியரின் வேலை மாறிவிட்டது. அந்த வேலையைத் தாங்கி நின்ற ஏற்பாடுகள் மாறவில்லை.

மாறுவது ஒன்றும் புதிதல்ல. 1844-ல் புதுச்சேரியில் துப்புயி அடிகளார் மரியாவின் மாசற்ற இருதய சபையைத் தொடங்கியபோது, பெண்பிள்ளைக்கு எழுத்தறிவிப்பதே ஊர் ஒப்பாத காரியம். துறவுடை உடுத்திய தமிழ்ப் பெண்கள் அதைச் செய்தார்கள். 1870-களில் மதுரை மறைப்பணித் தளத்தில் சகோதரிகளுக்குள் பெரும் பிணக்கு வந்து, இருபது பேர் தங்கள் சபையை விட்டு ஊட்டிக்குப் போனார்கள். அவர்களை நடத்திச் சென்றவர் பிரான்சு நாட்டு எலேன் தெ சப்போத்தேன், துறவறப் பெயரில் பாடுகளின் மரியா. 1877-ல் அவர் உருவாக்கிய சபைதான் பின்னாளில் மரியின் பிரான்சிஸ்கு மறைப்பணியாளர் சபை ஆயிற்று. சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியை 1947 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியவர்கள் அவர்கள். மலைமேல் ஒதுங்கிய இருபது பெண்களில் தொடங்கியது இன்று உலகம் முழுக்க இருக்கிறது. "சிஸ்டர்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு அமைதியாக இருந்த பொற்காலம்" என்று நம் பெரியவர்கள் சிலர் பெருமூச்சு விடுகிறார்களே, அது எந்த ஆண்டு என்று எனக்குத் தெரியவில்லை.

1936 வரை, பொது வார்த்தைப்பாடு, அதாவது துறவற வாக்குறுதி, கொடுத்த சகோதரிகள் பிரசவம் பார்க்கத் திருச்சபைச் சட்டம் இடம் தரவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ரோம் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டுத் தடையை நீக்கியது. இன்று மகப்பேறு மருத்துவமனை என்றாலே வெள்ளை உடுப்பு சிஸ்டர் நினைவுக்கு வருகிறார். ஒரு தலைமுறைக்கு முந்தைய விதி அதைப் பாவம்போல் பார்த்தது. பிறகு உலக ஆயர்கள் ரோமில் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம். 1965 அக்டோபர் 28 அன்று வெளியான துறவறப் புதுப்பித்தல் ஆணை, ஒவ்வொரு சபையும் தன் நிறுவனரின் தொடக்க நோக்கத்துக்குத் திரும்பவும் காலத்துக்கேற்ப மாறவும் சொன்னது. மடத்துக்குள்ளேயே படித்த சகோதரி, அடுக்களைச் சகோதரி என்று இருந்த இரண்டு தட்டுகளை நீக்கச் சொன்னதும் அதே ஆணைதான். காகிதத்தில் நீங்கியது. எந்தச் சாதி, எந்த ஊர்ப் பெண் கல்லூரிக்கு அனுப்பப்படுகிறாள், எவள் சமையற்கட்டிலேயே வெள்ளிவிழா காண்கிறாள் என்பதை ஒவ்வொரு மாநிலத் தலைவியும் தன் பெயர்ப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் பார்த்தால் நல்லது. அதற்கு மேல் இதில் நான் எழுத விரும்பவில்லை.

பண விஷயத்துக்கு வருகிறேன். எல்லாரும் சுற்றி வளைத்துப் போகிற இடம் அதுதான்.

என் காலத்து மடம் எப்படி ஓடியது? பத்து சிஸ்டர்கள் இருந்தால் நான்கைந்து பேர் அரசு உதவிபெறும் பணியிடத்தில் இருப்பார்கள். அவர்களின் சம்பளம் சபைக்குப் போகும். அதில்தான் புதிதாகச் சேர்ந்து பயிற்சியில் இருக்கும் நவதுறவியரின் படிப்பு, வயதான சிஸ்டர்களின் மருந்து, சம்பளமே இல்லாத கிராமப் பணி, எல்லாம். திருச்சபைச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது: துறவி உழைத்துப் பெறுவதும், ஓய்வூதியமாகப் பெறுவதும் சபைக்குச் சேரும், பதிலாக அவருக்குத் தேவையான எல்லாவற்றையும் சபை கொடுக்க வேண்டும். அரசாங்கச் சம்பளம் என்ற தூண் இருந்தவரை பங்குகள் சிஸ்டர்களுக்கு எதுவும் கொடுக்காமலேயே காலம் ஓட்டின. கொடுக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அந்தத் தூண் இப்போது பல பக்கம் அரிபட்டுவிட்டது. 2003 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை. மடத்தின் முதுமைக்கால ஏற்பாடே சிஸ்டர்களின் பென்ஷன்தான் என்பது உங்களுக்குத் தெரியும். உதவிபெறும் பணியிடங்களில் புதிதாகச் சேரும் துறவியரும் குறைந்துவிட்டார்கள். அடுத்தது வருமான வரி. துறவியர் தங்கள் சம்பளத்தைச் சபைக்கே கொடுத்துவிடுவதால் வரி இல்லை என்று வரித்துறையின் 1944-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைக் காட்டி வந்தோம். 2014-க்குப் பிறகு சம்பளம் கொடுக்கும்போதே வரியை (டி.டி.எஸ்.) பிடிக்கச் சொன்னார்கள். சபைகள் வழக்குக்குப் போயின. வார்த்தைப்பாடு எடுத்த துறவி திருச்சபைச் சட்டப்படி உலகத்துக்கு இறந்தவர்போல, அவருக்கென்று வருமானம் இல்லை என்று வாதாடினார்கள். 2019-ல் சென்னை உயர் நீதிமன்ற அமர்வு பிடித்தம் சரி என்றது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்தது. சம்பளம் அவருடையது, அதை அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் பாடு என்பதுதான் சாரம்.

தீர்ப்பு சரியா தவறா என்று வாதாட வரவில்லை. அது நமக்கு முன்னால் வைத்த நிலைமையைப் பாருங்கள். பான் கார்டில் அந்தச் சகோதரி வருமானம் ஈட்டும் தனிநபர். மடத்துக்குள் அவருக்குப் பஸ் காசுக்கும் கணக்கெழுத வேண்டும். அவர் பெயரில் வரி பிடிக்கிறார்கள், அவர் பெயரில் சேமிப்பு இல்லை. பங்கிலோ அவர் பெயரில் எதுவுமே இல்லை. நாட்டின் சட்டம் அவரை உழைப்பவர் என்று ஒப்புக்கொண்டுவிட்டது. ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நம் பங்கு ரிஜிஸ்டர்தான்.

எங்கள் பங்குக் கணக்கையே சொல்கிறேன். திருவிழா முடிந்து நிதிக்குழுவில் வரவு செலவு வாசிக்கிறார்கள். ஒலி ஒளி, பேண்டு வாத்தியம், தேர் ஜோடனை, வாணம், அசனச் சாப்பாடு. பேண்டு வாத்தியத்துக்கு மட்டும் 38,000 ரூபாய். பத்தொன்பதாவது வரியில் "சிஸ்டர்கள் அன்பளிப்பு: 3,000". மூன்று பேருக்குச் சேர்த்து. மாதாமாதம் மடத்துக்குக் கொடுப்பது 4,000. கரண்ட் பில்லுக்கும் கேஸ் சிலிண்டருக்கும் அதுவே போதாது. நான் அதைக் கேட்டேன். "அவங்க துறவிங்க டீச்சர், காசுன்னு பேசினா அவங்களுக்கே சங்கடமா இருக்கும்" என்றார் ஓர் அன்பர். சிஸ்டர் பக்கத்து அறையில்தான் இருந்தார். அவருக்குச் சங்கடமா என்று யாரும் போய்க் கேட்கவில்லை.

அந்தச் சிஸ்டரின் கையில் எப்போதும் பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு டைரி இருக்கும். ஒருமுறை மறைக்கல்விப் பட்டியலுக்காக என்னிடம் கொடுத்தார். அதில் இப்படி இருந்தது: "கடைசித் தெரு பாட்டி, சர்க்கரை மாத்திரை தீர்ந்தது. தையல்கடைப் பையன் மூன்று வாரமாக வரவில்லை, அப்பா குடி. செங்கல் சூளை, ஒடிசா குடும்பம், பிள்ளைக்கு ஞானஸ்நானம், ஆதார் இல்லை. 4-வது அன்பியம், இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, சனி மாலை போக." அன்பியம் என்பது பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு. பக்கம் பக்கமாக இதுதான். ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் ஊர் நிலவரம் தெரிந்து பிரசங்கம் வைக்கிறார் என்று மக்கள் மெச்சுகிறார்கள். அந்த நிலவரம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும்.

இதுதான் இன்றைய துறவறப் பணி. பெரிய கட்டடத்துக்குள் மணி அடித்து நடத்துகிற வேலை குறைந்து, தெருவுக்கும் சூளைக்கும் சிறைக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் போகிற வேலை கூடியிருக்கிறது. நல்ல மாற்றம் என்பதே என் கருத்து. கட்டணம் கட்ட முடிந்தவர்களின் பிள்ளைகளுக்கு ஆங்கிலவழிப் பள்ளி நடத்த இன்று ஆயிரம் பேர் இருக்கிறார்கள்; சூளைக்குப் போக ஆள் இல்லை. ஆனால் சூளை சம்பளம் தராது. இரண்டையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். தெருவுக்குப் போங்கள் என்று சுற்றுமடல் எழுதிவிட்டு, செலவுக்குப் பள்ளியில் கட்டணத்தை ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மாநிலத் தலைவியைக் கைவிட்டால், அவர் என்ன செய்வார்? ஏற்றத்தான் செய்வார்.

பெல்ஜியத்தில் பிறந்து இந்தியாவுக்கு வந்த சிஸ்டர் ஜான் தெவோஸ் 1985-ல் தேசிய வீட்டுப் பணியாளர் இயக்கத்தைத் தொடங்கினார். பாத்திரம் துலக்கும் பெண்ணுக்கும் வேலை நேரம், கூலி, விடுமுறை, மரியாதை உண்டு என்று நாடு முழுக்கச் சொல்லிக்கொடுத்தது அந்த இயக்கம். தமிழ்நாட்டில் 2007-ல் வீட்டுப் பணியாளர்களுக்கு நலவாரியம் வந்தது. வேலைக்காரப் பெண்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிற சகோதரிகளின் சொந்தத் தோழிகள் சிலர், ஆயர் இல்லத்திலும் குருமடத்திலும் சமையற்கட்டுப் பொறுப்பில் வேலை நேரம் இல்லாமல் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சொன்னால் கோபம் வரும். 2018 மார்ச்சில் வத்திக்கானின் சொந்த நாளிதழான லொசர்வத்தோரே ரொமானோவின் பெண்கள் இணைப்பிதழே இதை எழுதியது. கர்தினால்களுக்கும் ஆயர்களுக்கும் சமைத்துப் பரிமாறும் சகோதரிகள், தாங்கள் பரிமாறிய மேசையில் உட்காரச் சொல்லி அழைக்கப்படுவது அரிது என்று. பெயரை மறைத்துத்தான் அவர்கள் பேசினார்கள். ரோமிலேயே அப்படி என்றால் இங்கே எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குக் கூலி எதற்கு என்று கேட்பார்கள். ஏழ்மை அவர்கள் கொடுத்த வாக்கு. அதைக் காட்டி வேலை வாங்குகிறவருக்குத் தள்ளுபடி கேட்க உரிமை வராது. ஒப்பந்தத் தொகை அந்தச் சிஸ்டரின் பர்சுக்கா போகிறது? சபைக்குப் போகிறது, முடங்கிக் கிடக்கும் முதிய சிஸ்டரின் மாத்திரைக்குப் போகிறது. சாமியார்களுக்கு மறைமாவட்டம் மாதப்படி தருகிறது, மருத்துவ உதவி செய்கிறது, ஓய்வு பெற்ற குருக்களுக்கு இல்லம் கட்டியிருக்கிறது. தரவேண்டியதுதான். அதே பங்கில் அதே மக்களுக்கு உழைத்தவர் நோயில் விழுந்தால் "அது சபை விவகாரம்" என்று கை கழுவுவது எந்த இறையியல்?

கீழ்ப்படிதல் என்ற சொல்லையும் இப்படித்தான் இழுக்கிறோம். சிஸ்டர் தம் சபைத் தலைமைக்குக் கீழ்ப்படிய வாக்குக் கொடுத்திருக்கிறார். பங்குச்சாமியாரின் கார் டிரைவருக்குச் சாப்பாடு போட வாக்குக் கொடுக்கவில்லை. வேலை எது என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலில் பாதி தீரும். பழி சொல்கிற நோக்கம் எனக்கில்லை. நல்ல சாமியார்களும் இதில் தடுமாறுகிறார்கள். புதிதாக வந்த இளம் பங்குத்தந்தை ஒருவர், "டீச்சர், சிஸ்டர்கிட்ட எதைக் கேக்கலாம் எதைக் கேக்கக்கூடாதுன்னு எனக்கு யாருமே சொல்லித்தரலை" என்றார். உண்மை.

இளம் சிஸ்டர்களைப் பற்றி ஒரு வார்த்தை. நம் வீடுகளில் ஆறு ஏழு பிள்ளைகள் இருந்த காலத்தில் ஒரு பெண் மடத்துக்குப் போவது பெருமை. இன்று தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகள்கூட இல்லை. இருக்கிற ஒரு மகளை எந்தத் தாய் அனுப்புவாள்? உலகளவிலும் கணக்கு அதுதான். 1970-ஐ ஒட்டிப் பத்து லட்சமாக இருந்த அருட்சகோதரிகள் இன்று ஆறு லட்சத்துக்கும் கீழே. நம் நவதுறவியர் இல்லங்களில் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, ஆந்திரப் பிள்ளைகளின் குரல் கேட்கிறது. தமிழ் இன்னும் நாக்கில் படியாத இருபத்தைந்து வயதுப் பெண்ணைப் பங்கில் இறக்கி, முதல் வாரமே மறைக்கல்விக்கு நிறுத்துகிறோம். பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவள் மொழி கற்க ஆறு மாதம் ஒதுக்கு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தால் என்ன குறைந்துவிடும்? சூளையில் அந்த ஒடிசாக் குடும்பத்தோடு பேச அவளைவிடத் தகுந்த ஆள் நம்மில் யார்?

அருட்சகோதரர்கள் நிலை வேறு வகை. அவர்களைப் பார்க்கும் இடத்திலெல்லாம் நம் மக்கள் கேட்கும் கேள்வி, "எப்போ பிரதர் குருப்பட்டம்?" வாங்கப் போவதில்லை, இதுவே என் அழைத்தல் என்று அவர் சொன்னால் முகத்தில் ஓர் இரக்கம் தெரியும். பாளையங்கோட்டையின் திரு இருதய சகோதரர்கள், 1917-ல் ஏற்காட்டில் பள்ளி தொடங்கிய மான்ட்போர்ட் சகோதரர்கள், கீழ்ப்பாக்கத்தில் அச்சுக்கலை கற்றுக்கொடுத்த சலேசிய சகோதரர்கள் என்று எத்தனை பேர். உலகம் முழுதும் அருட்சகோதரர்கள் இப்போது ஐம்பதாயிரத்துக்கும் குறைவு. 2022 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் ஒரு கதவைத் திறந்தார்: குருக்களும் சகோதரர்களும் சேர்ந்த சபைகளில், ரோமின் அனுமதியோடு, சகோதரர் ஒருவர் தலைவராகலாம். குருக்களுக்கு மேலே குருவல்லாதவர். நம் சபைகளில் அந்தக் கதவை யாராவது தட்டிப் பார்த்தார்களா? கேள்விப்பட்டால் மகிழ்வேன்.

ரோம் இன்னும் முன்னே போய்விட்டது. 2025 ஜனவரியில் சிஸ்டர் சிமோனா பிராம்பில்லா துறவியருக்கான வத்திக்கான் துறையின் தலைவரானார். ஒரு வத்திக்கான் துறைக்குப் பெண் ஒருவர் தலைமை ஏற்றது அதுவே முதல்முறை. 2023-ல் உலக ஆயர் மாமன்றத்தில் பெண்கள் வாக்களித்தார்கள். இங்கே என்ன தடை? மறைமாவட்டப் பொருளாளர் குருவாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பண விவகாரம் தெரிந்தவராக, நேர்மையானவராக இருக்கச் சொல்கிறது. நாலாயிரம் பிள்ளைகள் படிக்கும் கல்லூரியின் கணக்கைத் தணிக்கையாளர் குறை சொல்லாமல் நடத்திய சிஸ்டருக்கு மறைமாவட்டக் கணக்கு கசக்குமா?

ஒப்பந்தத்தில் இன்னொன்றும் வேண்டும். தவறு நடந்தால் எங்கே சொல்வது என்பது. 2018 செப்டம்பரில் கொச்சியில் ஐந்து சகோதரிகள் வீதியில் உட்கார்ந்தார்கள். ஆயர் ஒருவர்மீது தங்கள் தோழி கொடுத்த பாலியல் வன்முறைப் புகாரை யாரும் கேட்கவில்லை என்று. குற்றம் சாட்டப்பட்ட ஆயரை 2022-ல் விசாரணை நீதிமன்றம் விடுவித்தது. அடுத்த ஆண்டு அவர் பதவி விலகினார். வழக்கின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. அந்தச் சபை மறைமாவட்ட உரிமைச் சபை. யார்மீது புகாரோ அவரே சபைக்கு மேலதிகாரி. அப்படியானால் அந்தச் சகோதரி எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும்? தமிழகத்திலும் மறைமாவட்ட உரிமைச் சபைகள் இருக்கின்றன. 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் சொல்கிற புகார்க் குழு நம் பள்ளிகளில் போர்டு மாட்டியிருக்கிறது. பங்கு அலுவலகத்தில் இல்லை. பொதுநிலைப் பெண் ஒருவரும், வெளிச்சபைச் சகோதரி ஒருவரும் இருக்கும் குழுவின் தொலைபேசி எண் ஒப்பந்தத்தின் அடியில் அச்சாகட்டும்.

2025 ஜூலையில் சத்தீஸ்கரின் துர்க் ரயில் நிலையத்தில் இரண்டு கேரளச் சகோதரிகள் ஆள்கடத்தல், மதமாற்றப் புகாரில் கைதானபோது நாம் கொதித்தோம். நியாயம்தான். எட்டு நாள் கழித்து ஜாமீன் கிடைத்தது. 1995-ல் மத்தியப் பிரதேசத்தில் பஸ்ஸிலிருந்து இழுத்துக் குத்திக் கொல்லப்பட்ட சிஸ்டர் ராணி மரியா, விவசாயக் கூலிகளைக் கந்துவட்டிப் பிடியிலிருந்து மீட்க உழைத்தவர். 2017-ல் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் ஆனார். வெளியாள் கை வைத்தால் மெழுகுவர்த்தி ஏந்தி ஊர்வலம் போகிறோம். உள்ளே நாமே அவர்களைச் சம்பளமில்லாப் பணியாளாக வைத்திருக்கும்போது யாருக்கும் மெழுகுவர்த்தி கிடைப்பதில்லை.

மாநிலத் தலைவியரே, உங்களையும் விட முடியாது. வாய்மொழியாக "சரி சாமி" என்பது நீங்கள்தான். ஒப்பந்தம் கேட்டால் அடுத்த சபைக்குப் பங்கைக் கொடுத்துவிடுவார்கள் என்ற பயம் எனக்குப் புரிகிறது. எல்லாச் சபையும் சேர்ந்து கேட்டால் எந்தச் சபைக்குக் கொடுப்பார்கள்? கல்வியாண்டு நடுவில் ஒரே இரவில் மாற்றல் கொடுப்பதை நிறுத்துங்கள். அந்த டைரியில் இருந்த பாட்டியும் சூளைக் குடும்பமும் புதிதாக வருகிறவரின் கைக்கு எப்படிப் போவார்கள்? சபையை விட்டு வெளியேறும் பெண்களைப் பற்றியும் ஒன்று. உழைத்ததற்கு எதுவும் உரிமையோடு கேட்க முடியாது என்று 702-ஆம் சட்டத்தின் முதல் வரி இருக்கிறது. நியாயத்தோடும் அன்போடும் நடத்த வேண்டும் என்று இரண்டாவது வரி இருக்கிறது. முதல் வரியைப் படித்த வேகத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறீர்கள்.

பங்கு மக்களாகிய நாங்களும் காசு கொடுக்க வேண்டியிருக்கும். தெரிந்தே எழுதுகிறேன். எங்கள் நிதிக்குழுவில் கணக்குப் போட்டுப் பார்த்தோம்: வாணத்தை நிறுத்தி, பேண்டைப் பாதியாக்கி, ஒவ்வோர் அன்பியமும் மாதம் 500 ரூபாய் தந்தால் மூன்று சிஸ்டர்களுக்குக் கௌரவமான படி கொடுக்கலாம். முடியாத ஏழைப் பங்குகளுக்கு மறைமாவட்டம் பொது நிதியிலிருந்து ஈடுகட்டட்டும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவு. ஆயர் பேரவையும் துறவியர் பேரவையும் சேர்ந்து மாதிரி ஒப்பந்தம் ஒன்றைத் தயாரியுங்கள். தமிழில் இருக்கட்டும், நான்கு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பணி, வாரத்தில் ஒரு முழு ஓய்வு நாள், மாதப்படி, மருத்துவக் காப்பீடு, மாற்றல் காலம், பங்குப் பேரவையில் வாக்குரிமையுள்ள இடம், புகார் எண். வரும் கல்வியாண்டு தொடங்குமுன் எல்லா மறைமாவட்டங்களிலும் சுற்றுமடலாக ஞாயிறு பூசையில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆயர் ஒரு பிரதி, மாநிலத் தலைவி ஒரு பிரதி வைத்துக்கொள்வீர்கள். மூன்றாவது பிரதி, கையெழுத்தோடும் முத்திரையோடும், அந்தப் பங்கில் வேலை பார்க்கும் சிஸ்டரிடம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
பங்கு நிதிக்குழு உறுப்பினர் ஒருவர்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை